கண்ணாடிக்கு உள்ளே வைத்த பொட்டு

என் மகனுடைய மில்லில் மூன்று வட்டுகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். அதனால் ஒரு டிரான்ஸ்பார்மர் எரிந்தது, ஒரு நல்ல மனுஷனுடைய பேரும் கெட்டது. டிரான்ஸ்பார்மருக்குப் பதில் புதிதாக ஒன்று இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. மற்றதைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன்.

மங்கலம் போகிற ரோட்டில் இருக்கிறது மில். பனியன் துணியைச் சாயம் போட்டபிறகு காயவைத்து, சுருங்காதபடி அழுத்தி, சீராக்கிக் கொடுக்கிற வேலை. அங்கே எனக்கு எந்த வேலையும் கிடையாது. வீட்டில் இருந்தால் மருமகளோடு வாயடிப்பேன் என்று என் மகன் தினமும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, பேனல் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவான். மற்ற இடமெல்லாம் ஒரே ஆவியும் சூடும். போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுப்பதுதான் என் சோலி.

அதில் அதிகம் மாட்டியவர் எங்கள் எலக்ட்ரீசியன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். பிழைக்க வந்து இருபது வருஷம் ஆகியும் அந்த ஊர்ப் பேச்சு போகவில்லை. என்னை ஆச்சி என்பார். மனைவி ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர்.

பேனல் ரூமில் ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று. அதன் நெஞ்சில் கண்ணாடி போட்ட மூன்று சின்னப் பெட்டிகள். அவற்றை அவர் வாரம் ஒருமுறை வந்து உற்று உற்றுப் பார்ப்பார்.

"ஏனுங்க தம்பி, அந்தக் கண்ணாடிக்குள்ள எந்தச் சாமிய வெச்சிருக்கீங்க? இப்பிடிப் பாக்கறீங்க."

"சாமி இல்ல ஆச்சி, காவக்காரன். ரிலேன்னு பேரு."

"காவக்காரனா? அசையவே காணமுங்க. தூங்கறானாட்ட இருக்குது."

"அவன் அசையாம இருந்தாத்தான் நமக்கு நல்லது. அவன் அசைஞ்சா மில்லு நின்னுரும்."

பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டினார். ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் ஒரு வெள்ளி நிற வட்டு, அப்பளம் மாதிரி மெல்லிசாகப் படுத்திருந்தது. அதன் ஓரத்தைக் கவ்வுகிற மாதிரி ஒரு காந்தம். ஆனால் தொடவில்லை. நடுவில் காசு நுழைகிற அளவுக்கு இடைவெளி.

வயரில் எவ்வளவு கரண்ட் போகலாம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குள் போனால் வட்டு பேசாமல் கிடக்கும். அளவைத் தாண்டினால் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்சமாகத் தாண்டினால் மெதுவாகச் சுற்றும். அதற்குள் கரண்ட் அடங்கிவிட்டால் வட்டும் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். நிறையத் தாண்டினால் விர்ரென்று சுற்றும். சுற்றி முடித்து ஓர் இடத்தில் தட்டியதும், பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். எது சுற்றியது என்று காட்ட, கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சிவப்புத் தகடு விழுந்து கிடக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னேன். "அட, எங்க ஊட்டுக்காரருதானுங்க இது. கொழம்புல உப்புக் கொறைஞ்சா சாயங்காலம் வரைக்கும் மொகத்தத் தூக்கி வெச்சிருந்துட்டு அப்பறந்தான் கத்துவாரு. கொழம்பே இல்லீன்னு வெய்யுங்க, அந்த நிமிசமே வட்டல் பறக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். "இத எங்களுக்கு ஐடிஐயில ரெண்டு நாளா நடத்துனாங்க ஆச்சி. நீங்க ஒரு நிமிசத்துல சொல்லிட்டிய."

இன்னொரு நாள் வேறு ஒன்று சொன்னார். ஒரு மெஷினில் கோளாறு வந்தால் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன பிரேக்கர்தான் முதலில் விழ வேண்டுமாம். அது விழாவிட்டால் பெரிய போர்டில் இருப்பது விழும். அதுவும் விழாவிட்டால் இந்த வட்டு. இதுவும் ஏமாற்றினால் சப்ஸ்டேஷனில் இருப்பது. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குக் கொஞ்சம் நேரம் விட்டுக் காத்திருப்பானாம். எல்லாரும் ஒரே சமயத்தில் குதித்தால் ஒரு மெஷினுக்காகத் தெருவே இருட்டாகிவிடும்.

"எனக்கும் மருமவளுக்கும் சண்டை வந்தா அடுப்படியிலயே முடியோணும். முடியலீன்னா எம்பையன் வரோணும். அவனும் பம்முனான்னா பொறவு ஊருக்கே கேக்கும். அப்பிடித்தானுங்களே?"

"அப்படியேதான். உங்க வீட்டுல யாரு ஆச்சி மொதல்ல விழுதது?"

"நானெங்கீங்க விழுகறது? நான் மின்னல் கணக்கா மேல இருந்து எறங்கறவ."

அவருடைய குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கோடையில் எல்லா மெஷினும் ஓட, அந்த வட்டு சுற்றி இரண்டு தடவை மில் நின்றது. என் மகன் வந்து, "அண்ணா, அந்த செட்டிங்க கொஞ்சம் ஏத்தி வெச்சிருங்க. ஏத்துமதிக்குப் போற துணி நிக்குது" என்றான்.

"ஏத்தலாம் சார். திருப்புனா ஏறிரும். ஆனா கேபிளு தாங்கணும்லா? அதுக்கு யாரு செட்டிங் ஏத்துவா?"

அவ்வளவுதான் சொன்னார். ஏற்றவில்லை. என் மகன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மெஷினை நிறுத்தி ஓட்டினான்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் கோயமுத்தூரிலிருந்து டெஸ்டிங்காரர் ஒருவர் வந்தார். வருஷம் ஒருமுறை அந்த வட்டெல்லாம் சரியாகச் சுற்றுகிறதா என்று கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். பார்த்து முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் கிளம்பிப் போனபின், எங்கள் எலக்ட்ரீசியன் கழற்றினதையெல்லாம் மாட்டினார். கண்ணாடி மூடிக்குத் திருகு மட்டும் போட்டிருந்தார். சீல் வைப்பது லீவு முடிந்து வந்து. ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரம்.

போகிறபோது என்னிடம் சொன்னார். "ஆச்சி, நாளைக்கு எங்க வேணாலும் பொட்டு வைங்க. கண்ணாடிக்கு வெளிய மட்டும் வைங்க. உள்ள வேண்டாம்."

"உள்ள வெச்சா என்னுங்க, உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"எங்க சாமி கோவிக்காது. வட்டுதான் கோவிக்கும்."

நான் அதை ஒரு நக்கல் பேச்சாக எடுத்துக்கொண்டேன். நாள் பூராவும் நக்கலே பேசிக்கொண்டிருப்பவளுக்கு, அடுத்தவர் நிஜமாகச் சொல்வதும் நக்கலாகத்தான் கேட்கும்.

மறுநாள் மில்லில் கரண்டையெல்லாம் நிறுத்திக் கழுவிவிட்டிருந்தார்கள். பொட்டு வைப்பது வருஷா வருஷம் என் வேலை. மெஷின், கத்தரிக்கோல், தராசு, கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொண்டே வந்தேன். கக்கூஸ் குழாய் ஒன்றுதான் பாக்கி. பேனல் ரூமுக்கு வந்தபோது யாரும் இல்லை. இத்தனை பேருக்கு வைத்துவிட்டு, இவர்களை எல்லாம் காவல் காக்கிறவனுக்குக் கண்ணாடிமேல் மட்டும் வைத்தால் அது மரியாதையாகத் தோன்றவில்லை. திருகைத் திருகினேன், மூடி வந்துவிட்டது. வட்டின் ஓரத்தில் சந்தனத்தை நன்றாகக் கெட்டியாக வைத்து, நடுவில் குங்குமம். ஒன்றுக்கு வைத்து மற்ற இரண்டை விட்டால் குறைப்படுமே என்று மூன்றுக்கும் வைத்தேன். பிறகு மூடியைப் போட்டு, கண்ணாடிமேலும் அப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அவர் ஊரிலிருந்து வந்தார். கண்ணாடி முழுக்கச் சந்தனம். உள்ளே எதுவும் தெரியவில்லை.

"ஆச்சி, இத எப்பத் துடைக்கலாம்?"

"பூசைக்கு வெச்சதத் தொடைக்கறதில்லீங்க தம்பி. அதா உதுந்து போற வரைக்கும் இருக்கட்டும்."

அவர் துடைக்கவில்லை. இன்னொருத்தர் கும்பிட்டு வைத்ததை நாம் அழிக்கக் கூடாது என்று நினைக்கிற மனுஷன். அதன்மேலேயே சீல் வைத்தார். வாரம் ஒருமுறை வந்து, தெரிகிற ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை. டிரான்ஸ்பார்மரிலிருந்து பெரிய போர்டுக்கு வருகிற கேபிள், தரைக்கு அடியில் ஒரு காங்கிரீட் கால்வாயில் கிடந்தது. அதில் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அங்கிருந்து ஒரு உறுமல் கேட்டது. புகை வந்தது. அந்த இடத்தில் கோளாறு என்றால் கீழே இருக்கிற பிரேக்கர் எதுவும் உதவாது. அந்த வட்டுதான் சுற்றியாக வேண்டும்.

சுற்றவில்லை. சப்ஸ்டேஷனில் இருப்பவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். உறுமல் கூடிக்கொண்டே போனது. எலக்ட்ரீசியன் சோற்றுக் கையோடு ஓடிவந்து பேனல் ரூமுக்குள் நுழைந்து, அந்த இரும்புப் பெட்டியின் சிவப்புப் பொத்தானைக் கையால் அடித்தார். அப்போதுதான் கரண்ட் நின்றது. அதற்குள் வெளியே டிரான்ஸ்பார்மர் எண்ணெய் பற்றிவிட்டது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெருப்பை அணைக்கப் போனதில் அவருக்கு மட்டும் இடது முழங்கை வரை தோல் உரிந்தது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மற்ற எல்லாரும் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நின்றார்கள். நான் பேனல் ரூமுக்குள் போனேன். கண்ணாடியில் உதிர்ந்த இடம் வழியாகப் பார்த்தேன். மூன்று வட்டிலும் என் பொட்டு, கல் மாதிரி காய்ந்து, காந்தத்தின் வாயில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சுற்றப் பார்த்திருக்கின்றன. முடியவில்லை.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும்தான் அவர் சொல்லிக் கொடுத்திருந்தாரே.

இதற்குமேல் சொல்ல வாய் கூசுகிறது. சீல் கம்பியை அறுத்து, மூடியைத் திறந்து, முந்தானையை எச்சில் பண்ணி, மூன்று வட்டையும் துடைத்தேன். காந்தத்தின் இடுக்கில் இருந்ததை ஊக்கால் சுரண்டி எடுத்தேன். கண்ணாடியையும் துடைத்தேன். சேலை நுனி மஞ்சளாகிவிட்டது. அதை உள்பக்கம் மடித்துச் செருகிக்கொண்டு, வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அதே டெஸ்டிங்காரர் வந்தார். கரண்ட் கொடுத்துப் பார்த்தார். மூன்று வட்டும் அழகாகச் சுற்றின. சொன்ன நேரத்துக்குத் தட்டின.

"ரிலேவுல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார் என் மகனிடம். பெட்டியின் கீழே வரிசையாக இருந்த மூன்று பித்தளைத் தகடுகளைக் காட்டினார். டெஸ்ட் பண்ணும்போது அவற்றைச் சாய்த்து வைப்பார்களாம். சாய்ந்திருந்தால் வட்டு என்னதான் சுற்றினாலும் பிரேக்கருக்குச் சேதி போகாது. முடிந்ததும் நேராக நிமிர்த்திவிட வேண்டும்.

"அன்னைக்கு இதை நிமுத்தாமயே போயிருக்காப்லீங்க. நெருப்பு வந்தப்பறம் வந்து நிமுத்தி வெச்சிருக்கோணும். சீலும் அறுந்திருக்குது பாருங்க."

கட்டுப்போட்ட கையோடு எலக்ட்ரீசியன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நான் நிமித்திட்டுத்தான் போனேன் சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நிமித்தினேன்னுதான் நினைக்கேன்" என்றார்.

என் மகனுக்கு அந்த இரண்டாவது வார்த்தை போதும். "நினைக்கறீங்களா? பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல மறந்துட்டு, இப்ப நினைக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்பதற்கு இல்லை. பழக்கத்தில் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் நான்தான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து ஆட்களைக் கலைத்துவிடுவேன். அன்றைக்கு நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள். டெஸ்டிங்காரர் நாலு மில்லுக்குப் போகிறவர். போன இடமெல்லாம் சொல்லியிருப்பார். அதற்குப்பிறகு யாரும் அவரைப் பேனல் பக்கம் விடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. மகன் அடிக்கப் போவதில்லை. சோறு நிற்கப் போவதும் இல்லை. சிரிப்பார்களே என்றுதான். கிழவி வட்டுக்குப் பொட்டு வைத்து மில்லைக் கொளுத்திவிட்டாள் என்று மங்கலம் ரோடு பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நான் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்து ஒருத்தர் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாளைக்குச் சொல்லலாம், மகன் கோபம் தணியட்டும், புது டிரான்ஸ்பார்மர் வரட்டும் என்று தள்ளித் தள்ளி மூன்று வருஷம் போய்விட்டது.

போன சித்திரையில் எங்கள் குன்னத்தூர்த் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது. புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டி வாங்கிவந்த தோட்டக்காரர் சொன்னார். "அவிநாசிபாளையத்துல நம்ம பழைய எலக்ட்ரீசியன்தானுங்கம்மா கட்டித் தந்தாரு. வேலை சுத்தமுங்க. ஆனா வந்து கனெக்சன் குடுங்கன்னா மாட்டேங்கறாரு. அவரு ஊட்டுல ஒரு பியூசு போட்டாக்கூட, சரியாப் போட்டிருக்கனான்னு பொண்டாட்டியக் கூப்புட்டுக் காட்டறாரு."

மறுநாள் காலையில் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இப்ப எதுக்கும்மா அதைக் கெளறீட்டு? முடிஞ்சு போன கதை" என்றான்.

"உனக்கு முடிஞ்சுது கண்ணு" என்றேன். ஒரு நாளும் இல்லாமல் தனியாகப் பஸ் ஏறினேன்.

ஒற்றை அறைக் கடை. அவர் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. கையில் அந்தத் தழும்பு.

"வாங்க ஆச்சி" என்று எழுந்து ஸ்டூலைத் தட்டிப்போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கு என்னையே தெரியும். நின்றபடியே சொன்னேன். பொட்டு வைத்தது, முட்டி நின்றது, துடைத்தது, எல்லாம்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டார்.

"எத்தனை வட்டுக்கு வச்சிய?"

"மூணுக்குமுங்க."

"மூணுமே முட்டி நின்னுதா?"

"மூணுமே நின்னுச்சுங்க."

"கீழ மூணு பித்தளைத் தகடு இருக்கும்லா. பொட்டு வைக்கும்போது அது நேரா நின்னுதா, சாய்ஞ்சு நின்னுதா? நல்லா நினைச்சுச் சொல்லுங்க."

நினைக்க வேண்டியதே இல்லை. அதற்கும் வைத்திருந்தேன். வட்டுக்கு வைத்துவிட்டுக் கையில் மிச்சம் இருந்த குங்குமத்தை, மூன்று தகட்டிலும் ஒவ்வொரு சொட்டாக வைத்தேன். "நேராத்தான் நின்னுச்சுங்க தம்பி. ஒசந்து நின்ன நெத்தியில வெச்சேன். மூணும் ஒரே மட்டமா இருந்துச்சு."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நான் மறந்துட்டேன்னுல்லா நினைச்சேன்" என்றார். "மொதல்ல இல்ல. மொதல்ல நிமித்துனேன்னு உறுதியாத்தான் இருந்தேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, நிமித்துன மாதிரியே நினைவுக்கு வரல. பஸ்ஸுக்கு ஓடுனதுதான் நினைவுக்கு வருது. கோயில்ல போயி முழங்கால் போட்டு அதுக்கு மன்னிப்புக் கேட்டேன் ஆச்சி. நான் செய்யாததுக்கு."

அவருடைய பேரைத்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் கையை அவரே நம்பாதபடி பண்ணியிருந்தேன்.

"மில்லுக்கே திருப்பி வந்துருங்க தம்பி. எம்பையங்கிட்ட நான் பேசறேனுங்க."

"கை வராது ஆச்சி" என்றார். "நீங்க வீட்டுக்கு வாங்க. அவகிட்ட இத ஒருக்கா சொல்லுங்க. எனக்காக."

வீடு கடைக்குப் பின்னால்தான். அந்த அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி.

உள்ளே போய் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க. உங்க கையாலயே."

நான் நாலாவது வரை போனவள். அதிலும் பாதி நாள் பருத்தி எடுக்கப் போய்விட்டேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். பித்தளைத் தகடு நேராக இருந்தது. வட்டுக்குப் பொட்டு வைத்தது நான். துடைத்ததும் நான். இவர் மேல் தப்பு இல்லை. இந்த நாலு வரிக்கு ரொம்ப நேரம் ஆனது. இரண்டு பேரும் தலைக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார்.

"கையெழுத்துப் போடுங்க" என்றார் அந்த அம்மா. "தேதியும்."

கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். "எந்தத் தேதிங்க போடட்டும்? இன்னைக்கா, அன்னைக்கா?"

"அன்னைக்கு எழுதியிருந்தா அந்தத் தேதியப் போடலாம்" என்றார் அந்த அம்மா. "இன்னைக்குத்தான எழுதுதிய."

இன்றைய தேதியைப் போட்டேன்.